டாக்னி லிண்டால் கல்லறையும் மேல்மாடிக் குடித்தனக்காரரும்

அனுப்புநர்:
ரூனே ஹெக்மார்க்,
ஓய்வுபெற்ற ஆய்வாளர் (குடும்ப வரலாறு, மக்கள்தொகை வரலாறு),
மேல்மாடி, லிண்டால் வீடு, ஆற்றோரச் சாலை,
கால்விக், வட ஸ்வீடன்.

பெறுநர்:
மாவட்ட நிர்வாகத் தலைவர் அவர்கள்,
மயான முறையீடுகள் பிரிவு,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

பொருள்: கால்விக் தேவாலய மயானத்தில் பேராசிரியர் டாக்னி லிண்டால் அவர்களின் கல்லறைக் கல்லை அகற்றும் முடிவை நிறுத்திவைக்கவும், கல்லறை உரிமையை என் பெயருக்கு மாற்றவும் வேண்டுதல்.

பார்வை: 1. மயான அலுவலகத்தின் ஆகஸ்ட் மாதக் கடிதம். 2. கல்லின் மேல் ஒட்டப்பட்டுள்ள மஞ்சள் தாள்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். எனக்கு வயது எழுபத்தொன்பது. வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதிய மனுக்களைப் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். எல்லாம் இருநூறு வருடப் பழைய மனுக்கள். பக்கத்துப் பண்ணைக்காரன் வேலியை நகர்த்திவிட்டான், மருமகள் பால் தர மறுக்கிறாள், பாதிரியார் என் வயதைக் கூட்டி எழுதிவிட்டார் என்பன போன்றவை. நானே ஒரு மனு எழுதுவது இதுதான் முதல் தடவை. வார்த்தை சற்றுக் கூடினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. பேராசிரியர் டாக்னி லிண்டால் பதினொரு வருடங்களுக்கு முன் காலமானார். தம் தாய் தந்தையர் கிடக்கும் அதே கல்லறையில், தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம், வெள்ளைப்பட்டைப் பூர்ஜ மரத்தடியில் அடக்கமானார். கல்லறையின் உரிமை அவர் பெயரில் இருந்தது. அவர் தாயார் இறந்தபோது எடுத்த இருபத்தைந்து வருட உரிமை இந்தக் கோடையோடு முடிந்துவிட்டது. டாக்னிக்குக் கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, உடன்பிறந்தாரும் இல்லை. புல் வெட்டுவது, பூச்செடி வைப்பது, பனி விழுமுன் கல்லைத் துடைப்பது, எல்லாப் புனிதர் நாளில் மெழுகுவிளக்கு ஏற்றுவது எல்லாம் நானே செய்துவருகிறேன். இதில் எனக்குப் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. வேறு யார் செய்வார்?

2. ஜூன் மாதம் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது கல்லின் நெற்றியில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. 'இக்கல்லறைக்கு உரியவர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்' என்று எழுதியிருந்தது. உரியவர் அதற்கு அடியில்தானே படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, பிறகு வேறு ஏதோ வந்தது. அன்று தண்ணீர் ஊற்றாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3. மறுநாள் மயான அலுவலகம் சென்றேன். அங்குள்ள அலுவலர் திரு. ஆல்வார் நோர்டின் நல்ல பிள்ளை. அவர்மேல் எனக்கு யாதொரு புகாரும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். அவர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, இரண்டே கேள்விகள் கேட்டார். "ரூனே, அவங்களுக்கு சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா, உங்களுக்குத் தெரியுமா?" என்பது ஒன்று. "நீங்க அந்த வீட்டுல இருந்ததுக்கு ஏதாவது காட்ட முடியுமா?" என்பது மற்றொன்று. வேறு யாரானாலும் முதல் கேள்விக்கு இல்லை என்றும், இரண்டாவதற்கு ஆம் என்றும் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். விஷயமும் அன்றே முடிந்திருக்கும்.

4. என் தொழில் புத்தி என்னை அப்படிச் செய்ய விடவில்லை. ஒரு குடும்பத்தின் கிளையில் வெற்றிடம் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, டாக்னியின் பாட்டனார் காலம்வரை போய், கடல் கடந்து போன கிளையையும் பிடித்து, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஒரு பல் மருத்துவரைக் கண்டுபிடித்தேன். டாக்னியின் தாயாருடைய சித்தியின் கொள்ளுப்பேரன். அவர் கொள்ளுப்பாட்டி எந்தக் கப்பலில் ஏறிப் போனார் என்பது அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். அழகாக வம்ச மரம் வரைந்து, முகவரியோடு திரு. நோர்டினிடம் கொடுத்தேன். கூடவே, நான் அந்த வீட்டில் இருந்ததற்கு அத்தாட்சியாக வாடகை ஒப்பந்தத்தையும், தொண்ணூறாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளின் நகலையும் கொடுத்தேன். டாக்னி இருந்திருந்தால் "உன்னைக் கவுக்க வேற ஆள் எதுக்கு ரூனே, நீ ஒருத்தன் போதாதா" என்றிருப்பார்.

5. விளைவு தாங்கள் அறிந்ததே. அலுவலகம் பல் மருத்துவருக்கு எழுதியது. அவர் மிகுந்த மரியாதையுடன், கல்லறை உரிமையை விட்டுக்கொடுப்பதாகவும், முடிந்தால் கல்லின் புகைப்படம் ஒன்று அனுப்புமாறும் பதில் எழுதினார். இரத்த உறவு விட்டுக்கொடுத்துவிட்டது. நானோ, நானே கொடுத்த காகிதங்களின்படி, 'வாடகைக்குக் குடியிருந்தவர்'. எனவே இறந்தவருக்கு நெருங்கியவராக என்னை ஏற்க இயலாது என்றும், நிலம் உறையும் முன், அதாவது அக்டோபர் கடைசிக்குள், கல் அகற்றப்படும் என்றும் ஆகஸ்ட் மாதக் கடிதம் கூறுகிறது. கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்றேன். கட்டணம் பிரச்சினை இல்லை, உறவுதான் பிரச்சினை என்றார்கள். அதைப் பற்றியே இம்மனு.

6. நான் கால்விக் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருடம் இலையுதிர் காலத்தில். டாக்னி அப்போது இவ்வட்டாரக் குடும்பங்களை ஆராயும் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். அதில் வேலைக்குச் சேர்ந்தேன். இருநூறு வருடத்துக்கு முன் பாதிரிமார் வருடந்தோறும் வீடு வீடாகப் போய், யாருக்கு வாசிக்கத் தெரியும், யாருக்கு வேத பாடம் தெரியும் என்று சோதித்து, வீட்டுக்கு ஒரு பக்கமாக எழுதிவைத்தார்கள். அந்தப் பக்கங்களையும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளையும் இணைத்து, சிதறிக் கிடக்கும் குடும்பங்களை மறுபடி ஒன்றுகூட்டுவதே எங்கள் வேலை. எனக்குத் தங்க இடமில்லை. "மாடில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு, இந்தக் குளிர்காலம் மட்டும் இருந்துக்கோ" என்றார் டாக்னி. அந்தக் குளிர்காலம் அவர் இறக்கும்வரை நீண்டது. வாடகையை ஒவ்வொரு மாதமும் வாங்கிக்கொண்டார். இலவசமாக இருந்தால் நான் ஓடிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

7. வீட்டில் என்ன நடந்தது என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். அதிகம் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் அப்பமும். ஞாயிறு உருளைக்கிழங்கு உருண்டை. அதை நான் செய்வேன், உப்புப் போதவில்லை என்று அவர் சொல்வார். சாப்பாட்டின்போது இறந்துபோனவர்களைப் பற்றியே பேசுவோம். "அந்த மேட்டுப் பண்ணைக் காரினுக்கு மறுபடியும் பிள்ளை பிறந்திருக்கு, இதாவது தங்கணும்" என்பார், காரின் இறந்து நூற்றுமுப்பது வருடம் ஆகியிருந்தும். கைக்குழந்தைகளின் சாவு வந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்க் காபி போடுவார். வைக்கோல் அறுப்பு மாதத்தில்தான் குழந்தைகள் அதிகம் இறந்தன, தாய்மார் வயலில் இருந்ததால் பால் கொடுக்க ஆளில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். தம் நூலில் அந்த அத்தியாயம் எழுதிய வருடம் வீட்டில் காபிக்கு அளவே இல்லை. பக்கத்துவீட்டு இங்கெகெர்ட் அம்மா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "செத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு பேரும் உக்காந்து ஜோடி சேத்துக்கிட்டே இருக்கீங்களே, உங்களுக்கு யாரு சேத்து வைக்கிறது?" என்று கேட்டார். டாக்னி துணி காயப்போட்டுக்கொண்டே, "எங்களுக்கு இன்னும் முறை வரலை, வரிசை நீளம்" என்றார்.

8. தொண்ணூறாம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள் வந்தபோது, வீட்டின் தலைவர் என்ற முறையில் அதை நிரப்பியவர் டாக்னி. என் பெயருக்கு எதிரே 'வாடகைக்குக் குடியிருப்பவர்' என்று எழுதினார். எனக்குச் சற்று முகம் வாடியது என்பதை மறைக்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமலே, "நாளைக்கு நம்மள மாதிரி ஒருத்தன் வந்து எண்ணுவான். அவனுக்குப் பொய் சொல்லக் கூடாது, பாவம்" என்றார். மயான அலுவலகம் இன்று எனக்கு எதிராகக் காட்டும் காகிதம் அதுதான். அவர் எழுதியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அது முழு உண்மை அல்ல என்பதே என் பணிவான வாதம்.

9. ஏன் மணம் செய்துகொள்ளவில்லை என்று திரு. நோர்டின் பிறகொரு நாள் கூச்சத்தோடு கேட்டார். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வில் ஒரு குடும்பத்தைத் திருமண நாளிலிருந்து கணக்கில் எடுப்போம். இருவரில் ஒருவர் இறந்த நாளோடு அந்தக் குடும்பத்தின் கணக்கை மூடிவிடுவோம். அதுதான் முறை. ஆயிரக்கணக்கான குடும்பங்களை எங்கள் கையாலேயே அப்படித் திறந்து மூடியிருக்கிறோம். மணம் செய்துகொள்ளலாமா என்று நான் ஒருமுறை டாக்னியிடம் கேட்டேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தார். "ஆரம்பத் தேதி போட்டா முடிவுத் தேதியும் ஒருத்தன் போடுவான், ரூனே. நமக்கு ரெண்டும் வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு, மீனின் நல்ல பக்கத்தை என் தட்டில் வைத்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவுமில்லை.

10. இனி விதிமுறை. வாடகைக்குக் குடியிருப்பவர் குடும்பத்தில் அடக்கமா இல்லையா என்பது எங்கள் துறையில் பெரிய சண்டை. அந்தக் காலப் பாதிரிமார் குடியிருப்பவர்களை வீட்டின் பக்கத்தில் எழுதாமல் புத்தகத்தின் கடைசியில் ஏழைகளோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். அவர்களை மீண்டும் அந்தந்த வீட்டுப் பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர் டாக்னி. ஒரு மாநாட்டில் தெற்கிலிருந்து வந்த பெரிய அறிஞர் ஒருவர் எழுந்து, "வாடகைக்கு இருக்கிறவனெல்லாம் குடும்பம்னா, ரயில்ல பக்கத்துல உக்காந்து வந்தவனும் குடும்பம்தானே?" என்றார். அரங்கம் சிரித்தது. டாக்னி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, "உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப ரயில்ல வந்தவன் யாராச்சும் கஞ்சி வச்சுக் குடுத்தானா?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் சாப்பிட்டவர் அந்த வீட்டைச் சேர்ந்தவர் என்ற அவருடைய விதியைப் பிற்பாடு பலரும் எடுத்துக்கொண்டார்கள். தெற்கத்தி அறிஞர் உட்பட.

11. அந்த விதியை அவர் காற்றிலிருந்து எடுக்கவில்லை. இதே மயானத்திலிருந்துதான் எடுத்தார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்றில், மேலே சொன்ன காரினின் வீட்டில் பல வருடம் குடியிருந்த ஸ்டோல்ட் என்ற கிழச் சிப்பாய் இறந்தார். அவரை ஏழைகளுக்கான மூலையில் புதைக்கப் போனார்கள். காரின் வழியை மறித்து நின்று, "எங்க மேசையில சாப்பிட்டவரு. எங்களோடதான் இருப்பாரு" என்றிருக்கிறாள். பாதிரியார் கேட்டதைக் கேட்டபடி எழுதும் ஆள். 'அந்த மேசையைச் சேர்ந்தவர்' என்று எழுதி, காரின் வீட்டாரோடு அடக்கம் செய்துவிட்டார். தங்கள் அலுவலகம் முன்னுதாரணம் கேட்டால் இதைக் காட்டுகிறேன். கொஞ்சம் பழையது, ஆனால் யாரும் ரத்து செய்ததாகத் தெரியவில்லை.

12. கடைசிக் குளிர்காலம் டாக்னி மருத்துவமனையில் இருந்தார். நெருங்கியவர் யார் என்று தாதி கேட்டதற்கு, "மாடில குடியிருக்கிறவர்" என்றார். தாதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்தப் பெண்ணுக்கு எந்த விதியும் படித்துக்காட்ட வேண்டியிருக்கவில்லை. மத்தியானங்களில், அன்று நான் கூட்டிச் சேர்த்த குடும்பங்களை அவருக்கு வாசித்துக்காட்டுவேன். ஒருநாள் அவர் மிகவும் தளர்ந்திருந்தார். அன்றைய குடும்பத்தில் நான்கு பிள்ளைகள், அவற்றில் மூன்று, வைக்கோல் மாதத்தில் போய்விட்டன. தாளை மடித்துவைத்தேன். நான்கு பேரையும் வளர்த்துப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொடுத்துவிட்டேன். டாக்னி கண்ணைத் திறக்காமல், "ஒரு குழந்தைகூடச் சாகலையா? இது எந்த ஊர், ரூனே?" என்றார். பக்கத்து ஊர் என்றேன். "நாம அங்கயே குடிபோயிருக்கலாம்" என்றார். தரவை மாற்றிச் சொன்னதற்கு என் வாழ்க்கையில் இதுதான் ஒரே உதாரணம். நான் அவரை நேசித்தேன், அம்மையீர். இதை எந்தப் படிவத்தில் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எனவே இங்கே எழுதுகிறேன்.

13. வீட்டை மாணவர் உதவி நிதிக்கு எழுதிவைக்கச் சொன்னவன் நான்தான். இப்போது கீழே ஓர் இளம் குடும்பம் இருக்கிறது. நான் மாடியில் வழக்கம்போல் வாடகைக்கு இருக்கிறேன். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. எனக்கு வேண்டியது வீடு அல்ல.

14. மேற்கண்டவற்றுக்கெல்லாம் என்ன அத்தாட்சி என்று தாங்கள் கேட்பது நியாயமே. ஓர் அத்தாட்சியை நான் இதுவரை எவருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடியதாக அது காகிதத்தில் இல்லை. டாக்னி, தாயார் இறந்ததும் கல்லைப் புதிதாகச் செய்யக் கொடுத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். தந்தை பெயர், தாய் பெயர், அதன் கீழே தம் பெயருக்கு இடம், அதற்கும் கீழே இன்னும் ஒரு பெயருக்கு இடம் விடச் சொன்னார். கல்தச்சர் விரலால் அளந்து பார்த்துவிட்டு, "நீங்க ஒத்தை ஆள்தானேம்மா, எதுக்கு ரெண்டு இடம்? கல்லு மொட்டையாத் தெரியுமே" என்றார். டாக்னி, "வெட்டுறது உங்க வேலை. விடச் சொல்றது என் வேலை" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. காரில் வரும்போது, கிழங்கு வாங்க வேண்டும், சந்தை மூடிவிடும் என்றுதான் பேசினார். நானும் கிழங்கைப் பற்றியே பதில் சொன்னேன்.

15. எங்கள் தொழிலில் வெற்றிடம் என்றால் பெரும்பாலும் எழுதியவரின் சோம்பல், அல்லது எலி. இந்த வெற்றிடம் அப்படிப்பட்டது அல்ல. தாங்களோ தங்கள் அலுவலரோ நேரில் வந்து பார்க்க வேண்டுகிறேன். டாக்னியின் பெயருக்குக் கீழே, ஓரமெல்லாம் கோடு இழுத்து, மெருகேற்றி, ஒரு பெயருக்குச் சரியாக விட்ட இடம் இருக்கிறது. என்னைத் தம் வீட்டைச் சேர்ந்தவனாக டாக்னி எழுதியது அங்கே மட்டும்தான். கல்லை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும். அதற்குப் பிறகு கணக்கெடுப்புத் தாள் மட்டுமே மிஞ்சும். நாளை எண்ண வருபவன் என்னை மாடியில் குடியிருந்தவன் என்று மட்டுமே எண்ணுவான்.

16. ஆகவே, மேலே சொன்னவற்றைக் கருணையோடு பரிசீலித்து, கல்லை அகற்றும் பணியை உடனே நிறுத்திவைக்கவும், கல்லறை உரிமையை என் பெயரில் பதியவும், என் காலம் முடிந்ததும் என்னையும் அங்கேயே அடக்கம் செய்ய அனுமதி தரவும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் முதல் வாரம் எல்லாப் புனிதர் நாள் வருகிறது. அன்று மயானம் முழுவதும் விளக்கு எரியும். வடக்குச் சுவரோரம் மட்டும் இருட்டாக இருக்கக்கூடாது. தங்கள் பதில் அதற்கு முன் கிடைத்தால் நன்றியுடையவனாவேன். கிடைக்காவிட்டாலும் விளக்கோடு போவேன், கல் இருந்த இடம் எனக்குத் தெரியும்.

இணைப்புகள்: இல்லை. இம்முறை எதையும் இணைக்கவில்லை.

இடம்: கால்விக்
நாள்: 19 செப்டம்பர் 2024 (வியாழக்கிழமை, சூப் அடுப்பில் இருக்கிறது)

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ரூனே ஹெக்மார்க்

இறந்தவருக்கு என்ன உறவு: அந்த மேசையைச் சேர்ந்தவர்.